பெயர் எழுதாத மருந்துச் சீட்டு

கேள்வி: நான் பொது மருத்துவர், வயது 34. மூன்று வருடங்களாக, கிளினிக் முடிந்ததும் ஒரு நிமிட வீடியோக்கள் போட்டு வருகிறேன். பிபி, சர்க்கரை, காய்ச்சல் என்று எளிமையாகப் பேசுவேன். நான்கு மாதங்களுக்கு முன்னால் சோடியம் குறைந்த உப்பைப் பற்றி ஒன்று போட்டேன். "வீட்டு உப்பை மாற்றுங்கள், பிபி இறங்கும், பக்கவாத ஆபத்து 14 சதவீதம் குறையும்" என்று ஆரம்பித்து, "சிறுநீரக நோயாளிகள் மட்டும் தவிர்க்கவும்" என்று முடித்திருந்தேன். 9 லட்சம் பேர் பார்த்தார்கள். யாரோ முதல் 20 விநாடிகளை மட்டும் வெட்டி வாட்ஸ்அப்பில் விட்டிருக்கிறார்கள். போன வாரம் ஒரு பெண் இன்பாக்ஸில் எழுதியிருந்தார். 67 வயதான அவருடைய அப்பா அந்தத் துண்டைப் பார்த்துவிட்டு உப்பை மாற்றியிருக்கிறார். ஆறு வாரத்தில் கால்கள் துவண்டு விழுந்திருக்கிறார். பொட்டாசியம் 7.1. அவசரப் பிரிவில் சேர்த்து, ஒரு முறை டயாலிசிஸ் செய்து காப்பாற்றியிருக்கிறார்கள். சிறுநீரகம் பழுதாகியிருந்ததே அன்றைக்குத்தான் தெரிந்ததாம். நான் இன்னும் பதில் எழுதவில்லை. கணக்கையே மூடிவிடலாமா என்றிருக்கிறது. கூட வேலை பார்ப்பவர்கள் "நீதான் எச்சரித்திருந்தாயே, உன் தப்பில்லை" என்கிறார்கள். அப்படித்தானா?

பெயர் வெளியிட விரும்பாத ஒரு மருத்துவர்

பதில்:

அன்புள்ள டாக்டர்,

முதலில் அந்தப் பெண்ணுக்கு எழுதுங்கள். இந்தப் பதிலின் மீதியை அப்புறம் படித்துக்கொள்ளலாம்.

தொழில் காப்பீடு வைத்திருந்தால் அவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எழுதுவது முறை. ஆனால் அதையே சாக்காக வைத்து இன்னொரு வாரத்தை ஓட்டாதீர்கள். நீளமாக எழுத வேண்டாம். அப்பா இப்போது எப்படி இருக்கிறார் என்று கேளுங்கள். உங்கள் பேச்சைக் கேட்டு இப்படி ஆனதற்கு வருந்துகிறீர்கள் என்று நேராகச் சொல்லுங்கள். "கடைசியில் எச்சரித்திருந்தேன்" என்ற வாக்கியம் அதில் வரவே கூடாது. அது உண்மைதான். ஆனால் அவசரப் பிரிவின் வாசலில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தவர் காதில் அது வேறு மாதிரி விழும். அப்பாவின் சிகிச்சையைப் பற்றி யோசனை சொல்லவும் இறங்காதீர்கள். அதற்கு அங்கே மருத்துவர்கள் இருக்கிறார்கள். ஒன்றே ஒன்றை மட்டும் விசாரிக்கலாம்: வீட்டில் இன்னும் அந்த உப்புத்தான் புழங்குகிறதா, அம்மாவும் ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாரா? வீட்டில் உப்பு மாறினால் எல்லோருக்கும் சேர்த்துத்தான் மாறும். அந்தப் பதற்றத்தில் இதை யாரும் யோசித்திருக்க மாட்டார்கள்.

இனி உங்கள் கேள்வி. நான் 30 வருடமாகச் சிறுநீரக மருத்துவம் பார்க்கிறவன். அந்தக் கோணத்திலிருந்து பார்த்தால் உங்கள் சகாக்கள் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. வெட்டியது நீங்கள் இல்லை, எதையும் மறைக்கவும் இல்லை, சொன்ன தகவலும் பொய்யில்லை. ஆனால் உங்கள் எச்சரிக்கை முழுதாகப் போய்ச் சேர்ந்திருந்தாலும் அந்த மனிதரைக் காப்பாற்றியிருக்காது. தனக்குச் சிறுநீரக நோய் இருப்பதே அவருக்குத் தெரியாதே! "சிறுநீரக நோயாளிகள் தவிர்க்கவும்" என்று கேட்டிருந்தால், "நல்லவேளை, நமக்கு அதெல்லாம் இல்லை" என்று இன்னும் தைரியமாக உப்புப் பாக்கெட்டைப் பிரித்திருப்பார்.

எங்கள் துறையில் தினமும் பார்க்கிற விஷயம் இது. நாள்பட்ட சிறுநீரக நோய் உலகில் பெரியவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இருக்கிறது. அதில் பெரும்பாலோருக்கு அது தெரியாது. வலிக்காது. சிறுநீர் வழக்கம்போலப் போகும். வடிகட்டும் திறன் பாதிக்குக் கீழே இறங்கின பிறகும் ஆள் நன்றாக நடமாடிக்கொண்டிருப்பார். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் எவ்வளவு என்று பார்த்தால்தான் பிடிபடும். பார்க்கத் தோன்ற வேண்டுமே.

உங்களுக்குத் தெரிந்ததையே மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். சோடியம் குறைந்த உப்பு என்பது சாதாரண உப்பில் ஒரு பங்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பொட்டாசியம் குளோரைடு சேர்த்தது. நல்ல சிறுநீரகம் கூடுதலாக வருகிற பொட்டாசியத்தைச் சில மணி நேரத்தில் வெளியே தள்ளிவிடும். பழுதான சிறுநீரகத்தால் அது முடியாது. அதோடு பிபிக்காக லோசார்டான், டெல்மிசார்டான், எனாலப்ரில் போன்ற ஒன்றையோ, இதயத்துக்காக ஸ்பைரோனோலாக்டோனையோ சாப்பிட்டால், அந்த மாத்திரைகளும் பொட்டாசியத்தை உடம்பிலேயே நிறுத்திவைக்கும். 3.5-க்கும் 5-க்கும் நடுவில் இருக்க வேண்டிய அளவு 6.5-ஐத் தாண்டினால் இதயத் துடிப்பு எந்த நிமிடத்திலும் தாறுமாறாகலாம். 7.1-ல் வந்தவர் பிழைத்திருக்கிறார் என்றால், அன்றைக்கு அங்கே பணியில் இருந்தவர்கள் விழிப்பாக இருந்திருக்கிறார்கள்.

இப்போது யோசித்துப் பாருங்கள். உப்பை மாற்றச் சொல்லும் வீடியோவை யார் நின்று பார்ப்பார்கள்? பிபி உள்ளவர்கள். சிறுநீரகம் கெட்டிருக்க வாய்ப்பு அதிகமுள்ளவர்களும் அவர்கள்தான், இந்த மாத்திரைகளைச் சாப்பிடுகிறவர்களும் அவர்கள்தான். அதாவது, அந்த யோசனை யாருக்கெல்லாம் பொருந்தாதோ அவர்களையே உங்கள் தலைப்பு கைதட்டிக் கூப்பிட்டுவிட்டது.

கிளினிக்கில் நாம் எழுதுகிற சீட்டில் முதல் வரி பெயர், வயது. அப்புறம்தான் மருந்து. எதிரே உட்கார்ந்திருப்பவரின் கால் வீக்கத்தைப் பார்த்து, பழைய ரிப்போர்ட்டைப் புரட்டி, "வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்" என்று கேட்டுவிட்டுத்தான் பேனாவைத் திறக்கிறோம். வீடியோவும் ஒரு மருந்துச் சீட்டுத்தான், பெயர் மட்டும் எழுதவில்லை. யார் கையில் கிடைக்கிறதோ அவர் தன் பெயரை அதில் எழுதிக்கொள்கிறார். ஆகவே, இது யாருக்கு நல்லது என்று யோசிப்பதற்கு முன், இது யார் கையில் கிடைக்கக் கூடாது என்று யோசிக்க வேண்டும். அவரை அவருக்கே தெரிந்த அடையாளத்தைச் சொல்லித் தடுக்கவும் வேண்டும். நோயின் பெயர் அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். தன் வயது தெரியும். காலையில் என்ன மாத்திரை போடுகிறார் என்பது தெரியும். "தினமும் ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா? அப்படியானால் ரத்தத்தில் கிரியேட்டினினும் பொட்டாசியமும் பார்த்துவிட்டு, உங்கள் மருத்துவரைக் கேட்ட பிறகு இந்த உப்பை வாங்குங்கள்." இப்படிச் சொன்னால் உப்பு நன்மை செய்யக்கூடிய சிலரும் தயங்குவார்கள் என்பீர்கள். தயங்கட்டும். பத்து நாள் தள்ளிப்போவதால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது.

அந்த 14 சதவீதத்துக்கு வருகிறேன், ஏனென்றால் அதை எங்கே எடுத்தீர்கள் என்று எனக்குத் தெரியும். சீனாவில் 600 கிராமங்களில் சுமார் 21,000 பேரை வைத்து ஐந்து வருடங்களுக்குக் கொஞ்சம் குறைவாக நடந்து, 2021-ல் வெளியான ஆய்வு. நல்ல ஆய்வு. ஆனால் அதில் சேர்ந்தவர்கள் யார்? ஏற்கெனவே பக்கவாதம் வந்தவர்கள், அல்லது 60 வயது தாண்டி பிபி அதிகமாக இருந்தவர்கள். தீவிரமான சிறுநீரக நோய் இருப்பதாகத் தெரிந்தவர்களையும், பொட்டாசியத்தைத் தக்கவைக்கும் வகை நீர் மாத்திரை சாப்பிட்டவர்களையும் சேர்க்கவில்லை. சாதாரண உப்பு சாப்பிட்டவர்களில் ஆயிரம் பேருக்கு வருடத்துக்கு ஏறக்குறைய 34 பக்கவாதம். மாற்று உப்பு சாப்பிட்டவர்களில் 29. இந்த வித்தியாசம்தான் 14 சதவீதம். ஆயிரத்தில் ஐந்து பேர் தப்புவது சின்ன விஷயமில்லை. அத்தனை ஆபத்தான நிலையில் இருந்தவர்களுக்கு அது பெரிய லாபம். அதையே எந்தத் தொந்தரவும் இல்லாத 28 வயதுக்காரர் கேட்டால், தன்னுடைய ஆபத்தில் ஏதோ பெரிய பங்கு கழிந்ததாக நினைப்பார். "14 சதவீதம்" கேட்க நன்றாக இருக்கிறது, அதனால் பரவுகிறது. "ஆயிரத்தில் 34 பேர், 29 பேர் ஆனார்கள்" என்பது பரவாது. நீங்கள் இரண்டாவதைச் சொல்லுங்கள்.

அதற்காக உப்பே விஷம் என்று எதிர்ப்பக்கம் சாய்ந்துவிட வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2025 ஜனவரியில் இந்த உப்பைப் பெரியவர்களுக்குப் பரிந்துரைத்திருக்கிறது. குழந்தைகள், கர்ப்பிணிகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், பொட்டாசியத்தை வெளியேற்றுவதில் சிக்கல் உள்ளவர்கள் ஆகியோரை விலக்கிவிட்டுத்தான் பரிந்துரைத்திருக்கிறது. நீங்கள் சொன்னதும் ஏறக்குறைய அதுதான். அவர்கள் பரிந்துரையையும் விலக்கையும் பிரிக்காமல் சேர்த்தே சொன்னார்கள். நீங்கள் 40 விநாடி தள்ளிச் சொன்னீர்கள்.

வெட்டி அனுப்பியவர் மேல் கோபப்படாதீர்கள் என்று உபதேசிக்க மாட்டேன். எனக்கே கோபம் வருகிறது. ஆனால் அதை எதிர்பார்த்திருக்க வேண்டும். லீ வென்லியாங் நினைவிருக்கிறாரா? வூஹானின் கண் மருத்துவர். 2019 டிசம்பர் 30-ஆம் தேதி மாலை, கூடப் படித்த மருத்துவர்கள் மட்டும் இருந்த வீசாட் குழுவில், ஏழு பேருக்கு சார்ஸ் என்ற கடுமையான சுவாச நோய் உறுதியாகியிருப்பதாக எழுதினார். ஒரு மணி நேரம் கழித்து, கொரோனா வைரஸ் என்பது உறுதி, எந்த வகை என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று இன்னொரு செய்தியில் தெளிவுபடுத்தினார். வெளியே பரப்ப வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். ஆனால் முதல் செய்திதான் ஸ்கிரீன்ஷாட்டாக எங்கும் போனது. ஜனவரி 3-ஆம் தேதி காவல்துறை அவரை வரவழைத்துக் கண்டித்துக் கையெழுத்து வாங்கியது. பிப்ரவரி 7-ஆம் தேதி அதே நோயில் இறந்தார். மார்ச்சில் அந்தக் கண்டிப்பைத் திரும்பப் பெற்றார்கள். அவர் எச்சரித்தது சரி, அன்றே காது கொடுத்திருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நான் சொல்ல வருவது வேறு. அத்தனை கவனமாக, மூடிய குழுவில், சக மருத்துவர்களிடம் பேசியவருக்கே இரண்டாவது செய்தி முதலாவதோடு சேர்ந்து போகவில்லை. 9 லட்சம் பேரிடம் பேசுகிற நமக்கு எப்படிப் போகும்?

அதனால் எங்கே வெட்டினாலும் ஆபத்தில்லாத மாதிரி பேசப் பழகுங்கள். இதில் தமிழ் நமக்குக் கைகொடுக்கும். நம் வாக்கியத்தில் வினை கடைசியில்தான் வரும். "தினசரி மாத்திரை எதுவும் சாப்பிடாத, சிறுநீரகச் சோதனையில் எல்லாம் சரியாக இருக்கிற, கர்ப்பமாக இல்லாத பெரியவர்கள் இந்த உப்புக்கு மாறலாம்" என்று ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கள். "மாறலாம்" என்ற சொல்லைக் கேட்க வேண்டுமானால் நிபந்தனைகளைக் கடந்துதான் வந்தாக வேண்டும். நடுவில் வெட்டினால் வாக்கியமே தொங்கும், யாரும் ஃபார்வர்டு செய்ய மாட்டார்கள். நீங்கள் "மாற்றுங்கள்" என்று தொடங்கியதால்தான் கத்தரிக்கோலுக்கு வசதியாகப் போயிற்று. இன்னொன்று, கேப்ஷனில் எழுதுகிற எச்சரிக்கை டவுன்லோடு செய்த வீடியோவோடு போகாது. படத்தின் மேலேயே எழுத்தாகப் பதியுங்கள், முதல் விநாடியிலிருந்து கடைசி விநாடி வரை. பதிவு செய்த மாதமும் வருடமும் அதில் இருக்கட்டும்.

தேதி ஏன் என்றால், மருத்துவத்தில் சரியானது மாறும். பெஞ்சமின் ஸ்பாக் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவரின் சொல்லைப் போன நூற்றாண்டில் லட்சக்கணக்கான பெற்றோர் வேதமாக எடுத்துக்கொண்டார்கள். அவருடைய குழந்தை வளர்ப்பு நூலின் 1958-ஆம் ஆண்டுப் பதிப்பு, மல்லாக்கப் படுத்த குழந்தை வாந்தி எடுத்தால் புரையேறும், குப்புறப் படுக்கவைப்பதே மேல் என்றது. கேட்டால் நியாயமாகத்தான் படுகிறது. யாரும் சோதித்துப் பார்த்ததில்லை, அவ்வளவுதான். 1990-களின் தொடக்கத்தில் பல நாடுகளில் மல்லாக்கப் படுக்கவைக்கச் சொல்லிப் பிரச்சாரம் நடந்தபோது, தூக்கத்தில் திடீரென்று இறந்துபோகும் குழந்தைகளின் எண்ணிக்கை பாதியாகவும் அதற்குக் கீழேயும் சரிந்தது. 1970 வாக்கிலேயே போதுமான சான்று இருந்தது என்று பிற்பாடு தொகுத்துப் பார்த்தவர்கள் சொன்னார்கள். நல்ல மனசோடு, நம்பிக்கையான குரலில், தர்க்கம் மட்டும் பேசுகிற வீடியோக்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் ஞாபகத்துக்கு வரும். என் குரலையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பழைய வீடியோவை எடுத்துவிடுங்கள், ஆனால் சத்தமில்லாமல் எடுக்காதீர்கள். வெட்டிய துண்டு உங்கள் முகத்தோடு இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதைப் பார்த்துச் சந்தேகப்பட்டு உங்கள் பக்கத்துக்கு வருகிறவர் கண்ணில் முதலில் படுவது திருத்தமாக இருக்க வேண்டும். திருத்தத்தில் பழைய துண்டை மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டாம். பாதிப் பேர் அதை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். சரியானதை முதலில் சொல்லிவிட்டு, முன்பு சொன்ன விதம் போதவில்லை என்று ஒரு வரியில் ஒப்புக்கொண்டால் போதும்.

அந்தப் பெரியவரின் கதையை அதில் சொல்ல ஆசை வரும். சொன்னால் நன்றாகப் பரவவும் செய்யும். சொல்லாதீர்கள். பெயர் இல்லாவிட்டாலும், 67 வயது, உப்பு, டயாலிசிஸ் என்று மூன்று விவரம் போதும், சொந்தக்காரர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். வெகு காலத்துக்கு முன் ஒரு மேடையில், பெயர் ஊர் எதுவும் சொல்லாமல், ஒரு நோயாளியைப் பற்றிப் பேசினேன். இடைவேளையில் ஒருவர் வந்து, "நீங்கள் சொன்னது என் சித்தப்பா" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. பின்னால் எப்போதாவது அந்தக் குடும்பமே முன்வந்தால், முடித்த வீடியோவை முதலில் அவர்களுக்குக் காட்டி, எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொண்டு போடலாம். இப்போது நீங்களாகக் கேட்கவும் கூடாது.

இன்பாக்ஸில் ரிப்போர்ட்டை அனுப்பி டோஸ் கேட்கிறவர்களுக்கு என்ன செய்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. பதில் சொல்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். இளகிய மனசுக்காரர்கள் எல்லோரும் செய்வதுதான். நிறுத்துங்கள். பார்க்காத நோயாளிக்கு டோஸ் சொன்ன நிமிடமே அவர் உங்கள் நோயாளி ஆகிவிடுகிறார், அவருடைய கேஸ் ஷீட் மட்டும் உங்களிடம் இருக்காது. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணல் என்று வந்தால் "உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்" என்பது மட்டுமே பதில். சத்து மாத்திரைக் கம்பெனிகளும் இதற்குள் உங்களைத் தேடி வந்திருக்கும். விளம்பரம் என்று அறிவித்துவிட்டால் சரியாகிவிடும் என்பார்கள். என் கருத்து, வேண்டாம்.

கணக்கை மூடுவதா? கூடாது என்றுதான் நினைக்கிறேன். மூடினால் அந்த 20 விநாடி மட்டும் மிச்சமிருக்கும், அதற்கு மறுப்பு சொல்ல இடமே இருக்காது. நீங்கள் காலி செய்கிற இடத்துக்கு வருகிறவர்கள் "தவிர்க்கவும்" என்று கடைசியில்கூடச் சொல்ல மாட்டார்கள். ஆனால் ஒரு மாதத்துக்குப் புதிதாக எதுவும் போட வேண்டாம். அந்த நேரத்தில் பழைய வீடியோக்களை ஒவ்வொன்றாகத் திறந்து, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர், கர்ப்பிணி, எண்பது வயதுக்காரர், சிறுநீரகம் பழுதானவர் என்று நாலு பேரைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பார்ப்பதாக நினைத்துக்கொண்டு பாருங்கள். "நெஞ்சு வலித்தால் ஆஸ்பிரினை மென்று விழுங்குங்கள்" என்று ஏதாவது போட்டிருந்தால் முதலில் அதைத் தேடுங்கள். மாரடைப்பில் அது உதவுகிற மருந்து. அதையே வீட்டில் ஒருவர், கை விழுந்துபோனவருக்குக் கொடுத்தால், மூளையில் அடைப்பா ரத்தக்கசிவா என்று ஸ்கேன் பார்க்கும் முன்பே கொடுத்ததாகிவிடும்.

திருத்த வீடியோவை எடுத்ததும் சக மருத்துவர்களிடம் காட்டாதீர்கள். அவர்கள் "பிரமாதம்" என்பார்கள். 60 வயது தாண்டிய, மருத்துவம் தெரியாத, தினமும் இரண்டு மாத்திரையாவது சாப்பிடுகிற ஒருவரிடம் ஒரு முறை மட்டும் ஓட்டிக் காட்டுங்கள். முடிந்ததும் போனை வாங்கிக்கொண்டு, "இப்போது நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கேளுங்கள். "மாத்திரைச் சீட்டை எடுத்துக்கொண்டு டாக்டரைப் பார்க்கப் போகிறேன்" என்று சொன்னால் பதிவிடுங்கள். "உப்பு வாங்கப் போகிறேன்" என்றால் மறுபடி எடுங்கள்.